நெல் விலை, அரிசி விலை, நடுவில் அரசு

கேள்வி: அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து சந்தைக்கு மாறும் நாடுகளில் தானிய விலையைச் சீர்திருத்துவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டு, மானியத்தை ஏழைகளின் வங்கிக் கணக்கில் பணமாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? தமிழ்நாட்டின் விலையில்லா அரிசிக்கும் இது பொருந்துமா?

பதில்:

சீர்திருத்த முடியும். சில நாடுகள் செய்தும் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை ஜெயித்ததற்குக் காரணம், எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்ற வரிசையைச் சரியாகப் பிடித்ததுதான். தோற்ற நாடுகளும் கிட்டத்தட்ட அதே காரியங்களைத்தான் செய்தன, வரிசையை மாற்றிச் செய்தன. சென்னையில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. நம் மாணவர்கள் தேவை, அளிப்பு வளைகோடுகளை அழகாக வரைகிறார்கள். விலை உயர்ந்த மறுநாள் காலையில் யார் வீட்டில் உலை கொதிக்காது என்ற கேள்வி மட்டும் எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை.

நம் ஊர்க் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து அதை 2,500 ஆக்கியது. ஒரு குவிண்டால் நெல்லை அவித்து அரைத்தால் 68 கிலோ புழுங்கலரிசி வரவேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை மட்டுமே 36 ரூபாய் 76 காசு. அதன்மேல் சாக்கு, ஏற்றுகூலி, இறக்குகூலி, அரவைக்கூலி, லாரி வாடகை, கிடங்கு, வங்கி வட்டி எல்லாம் ஏறும். அந்த அரிசி வியாசர்பாடியிலோ திருவல்லிக்கேணியிலோ இருக்கும் ரேஷன் கடைக்கு வந்து சேரும்போது 40 ரூபாயைத் தாண்டியிருக்கும். 2008 முதல் அங்கே அதன் விலை ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசி.

இந்த இடைவெளியைத்தான் மானியம் என்கிறோம். ஆனால் அது மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. உழவருக்கு வருமானம் தருகிறது, நகரத்திலும் கிராமத்திலும் இருக்கும் ஏழைக்குச் சோறு போடுகிறது, மழை பொய்த்த ஆண்டுக்காகக் கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது. மூன்று மாடுகளையும் ஒரே முளைக்குச்சியில் கட்டியதுபோல, மூன்றையும் ஒரே கொள்முதல், ஒரே விலை, ஒரே கிடங்கு என்ற சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்று இழுத்தால் மற்ற இரண்டும் திணறும். சீர்திருத்தம் கடினமாவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டுப்பாட்டுப் பொருளாதாரங்களில் இந்தச் சங்கிலி வேறு மாதிரி இருந்தது. சீனா 1953இன் கடைசியில் தானிய வணிகத்தை முழுக்க அரசின் கையில் எடுத்துக்கொண்டது. உழவர்கள் ஒதுக்கீட்டு அளவை அரசு சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும். நகரத்தார் கூப்பன் கொடுத்து மலிவு விலையில் வாங்குவார்கள். உழவரிடம் மலிவாக வாங்கியதால் நகரத்துச் சோறு மலிவாக இருந்தது. சோறு மலிவாக இருந்ததால் தொழிற்சாலைச் சம்பளத்தையும் குறைவாக வைக்க முடிந்தது. குறைந்த சம்பளத்தில் மிஞ்சிய பணம் எஃகு ஆலைக்குப் போனது. நாட்டின் தொழில்மயமாக்கலுக்கான செலவைக் கிராமம்தான் கட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் அரிசியோ ரொட்டியோ வெறும் சந்தைப் பொருளாக இருக்க முடியாது. சம்பள ஒப்பந்தத்தின் பாதியே அதுதான். அந்த விலையைத் தொட்டால், தொழிலாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அரசே ஒருதலைப்பட்சமாகக் கிழிக்கிறது என்று பொருள்.

சோவியத் ஒன்றியத்தில் 1962 ஜூனில் நடந்தது இதற்கு மிகக் கொடூரமான சான்று. கால்நடைப் பண்ணைகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்காக இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு உயர்த்தியது. நோவோசெர்காஸ்க் நகரத்து ரயில் எஞ்சின் ஆலையில் அதே சமயத்தில் கூலி விகிதத்தையும் குறைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். உற்பத்தியாளருக்கு நல்ல விலை தரவேண்டும் என்ற நோக்கத்தில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதன் செலவை, கூலி குறைந்திருந்த நேரத்திலேயே, ஒரே அறிவிப்பில் தொழிலாளியின் தலையில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த தலைவர்கள் பல பத்தாண்டுகளுக்கு உணவு விலையைத் தொடவே பயந்தார்கள். விளைவு, சில்லறை விலை அப்படியே உறைந்து நிற்க, மானியம் ஊதிப் பெருத்தது. தீவனத்தைவிட ரொட்டி மலிவாகிப்போய், கிராமத்து மக்கள் கடையில் ரொட்டி வாங்கிப் பன்றிக்கும் மாட்டுக்கும் போட்டார்கள்.

சரி, செய்து காட்டிய சீனாவுக்கு வருவோம். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெற்றியும் தவறும் அதில் மாறி மாறி வருகின்றன.

1979இல் அவர்கள் முதலில் தொட்டது உழவரின் விலையை. ஒதுக்கீட்டு அளவுக்கான கொள்முதல் விலையை 20 சதவீதம் உயர்த்தினார்கள். ஒதுக்கீட்டுக்கு மேல் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த உயர்ந்த விலையின்மேல் இன்னும் 50 சதவீதம் கூடுதல். அதோடு கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் மாற்றமும் அன்ஹுய் போன்ற மாகாணங்களிலிருந்து நாடெங்கும் பரவியது. 1978இல் 30.5 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984இல் 40.7 கோடி டன் ஆனது. நகரத்து ரேஷன் விலையை மட்டும் கிட்டத்தட்ட தொடவே இல்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அரசு வாங்கும் விலை, விற்கும் விலையைவிட அதிகம். அதனால் வாங்கும் ஒவ்வொரு கிலோவிலும் நட்டம். விளைச்சல் கூடக்கூட நட்டமும் கூடும். 1984இன் அமோக விளைச்சல் உழவருக்குத் திருவிழாவாகவும் நிதித்துறைக்கு நெருக்கடியாகவும் வந்தது. நல்ல மழை பெய்தால் கவலைப்பட வேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்துவிட்டால், அதன் விலை அமைப்பில் ஏதோ அடிப்படையிலேயே கோணல் என்று புரிந்துகொள்ளலாம். டெல்டாவில் குறுவை அமோகமாக விளைந்த ஆண்டுகளில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மலைபோல் குவிந்து மழையில் நனைவதைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான்.

நட்டத்தைக் குறைக்க 1985இல் சீனா ஒரு காரியம் செய்தது. கட்டாயக் கொள்முதலை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக் கொள்முதல் என்று அறிவித்தது. விலை எப்படித் தெரியுமா? 30 சதவீதம் பழைய ஒதுக்கீட்டு விலை, 70 சதவீதம் பழைய கூடுதல் விலை, இரண்டையும் கலந்த சராசரி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உழவரின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டு விலை 100 என்றால், அதுவரை அவர் கூடுதலாக விளைவித்த ஒவ்வொரு மூட்டைக்கும் 150 கிடைத்தது. புதிய கலப்பு விலை 135. அடுத்த மூட்டையை விளைவிக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கும்போது கண்முன் நின்ற விலை பத்தில் ஒரு பங்கு சரிந்துவிட்டது. அந்த ஆண்டு விளைச்சல் 37.9 கோடி டன்னுக்கு இறங்கியது. வானிலையும் ஒரு காரணம், வேறு பயிர்களுக்கும் கிராமத் தொழில்களுக்கும் மக்கள் மாறியதும் ஒரு காரணம். ஆனால் விலை தந்த செய்தியை உழவர்கள் தெளிவாகப் படித்தார்கள். சந்தைச் சீர்திருத்தம் என்ற பெயரில் வந்தது அவர்களுக்கு நடைமுறையில் ஒரு விலைக்குறைப்பு.

நகரத்து விலைக்குக் கை வைக்க 1991 வரை காத்திருந்தார்கள். கால் நூற்றாண்டாக ஏறக்குறைய அசையாமல் இருந்த ரேஷன் விலையை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பெரிதாக உயர்த்தினார்கள். 1993க்குள் பெரும்பாலான நகரங்களில் கூப்பனே போய்விட்டது. கலவரம் எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதிலின் மையம். அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேலாக நகரத்து வருமானம் உயர்ந்திருந்தது. வீட்டுச் செலவில் தானியத்தின் பங்கு சுருங்கியிருந்தது. ரேஷன் கடைக்குப் பக்கத்திலேயே திறந்த சந்தை வளர்ந்து, அங்கே நல்ல அரிசி கிடைத்தது. பலர் ஏற்கெனவே அதற்கு மாறிவிட்டார்கள். விலை உயர்த்தியபோது சம்பளத்தோடு ஈட்டுத்தொகையும் சேர்த்தார்கள். யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத நேரம் பார்த்துத்தான் ரேஷனை எடுத்தார்கள்.

அப்புறமும் கதை நேர்கோட்டில் போகவில்லை. 1993 கடைசியில் தென் மாகாணங்களில் அரிசி விலை எகிறியது. 1994இல் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட, அரசு மறுபடி உள்ளே வந்தது. 1998இல் பிரதமர் ஜூ ரோங்ஜி காலத்துச் சீர்திருத்தம், என் பார்வையில், இந்த வரலாற்றிலேயே அதிகம் கற்றுத்தரும் தோல்வி. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் அரசுத் தானிய நிறுவனங்கள் வங்கிகளில் 20,000 கோடி யுவானுக்கு மேல் நட்டக் கணக்கைக் குவித்திருந்தன. அதை அடைக்க மூன்று கட்டளைகள் வந்தன. உழவர் கொண்டுவரும் உபரி முழுவதையும் பாதுகாப்பு விலையில் வாங்க வேண்டும். வாங்கியதை நட்டமில்லாமல் விற்க வேண்டும். கொள்முதலுக்குக் கடனாக வந்த பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது. இவை நடக்க வேண்டுமே என்று, தனியார் வியாபாரிகள் நேரடியாக உழவரிடம் வாங்குவதையும் தடுத்தார்கள்.

முதல் இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதின. சந்தை விலை பாதுகாப்பு விலைக்குக் கீழே கிடந்தது. வாங்கினால் விற்க முடியாது. அப்போது கிளை அதிகாரி என்ன செய்வார்? வாங்காமல் இருக்க வழி தேடுவார். ஈரம் அதிகம், தரம் குறைவு, கிடங்கு நிறைந்துவிட்டது, நாளைக்கு வா. காகிதத்தில் உயர்ந்த விலை இருந்தது, கையில் கிடைத்தது வேறு. பிரதமரே 1998 மே மாதம் அன்ஹுயின் நான்லிங் வட்டத்துக் கிடங்கைப் பார்வையிட வந்தபோது, வேறு கிடங்குகளிலிருந்து தானியத்தை அள்ளிவந்து நிரப்பிக் காட்டினார்கள் என்பது பின்னால் வெளியே வந்தது. அங்கேயும் இங்கேயும் கொள்முதல் நிலையத்தின் வேலைமுறை எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். நம் ஊரில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அக்டோபர் மழையில் அறுக்கும் டெல்டா உழவருக்கு அது நடக்காத காரியம். பல ஆண்டுகளில் மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதித் தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போய், பதில் வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. அறிவித்த விலையை வைத்து ஓர் அரசை எடைபோடாதீர்கள். கடைசி மூட்டையோடு வாசலில் நிற்கிறவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

சீனா அதிலிருந்து மீண்ட வழி, முளைக்குச்சியிலிருந்து ஒவ்வொரு மாடாக அவிழ்த்தது. அதே அன்ஹுயில் 2002இல் சில வட்டங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2004இல் தானிய வாங்கலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விலை மூலம் கொடுத்துவந்த உதவியை உழவர் குடும்பத்துக்கு நேரடித் தொகையாக மாற்றினார்கள். 2006இல் விவசாய வரியையே நீக்கினார்கள். அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரு குறைந்தபட்ச விலையை அடியில் பாதுகாப்பாக வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் மக்காச்சோளத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பி, ஆண்டுதோறும் விலையை ஏற்றி, 20 கோடி டன்னுக்கு மேல் கிடங்கில் தேங்கவிட்டு, 2016இல்தான் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். கொள்முதல் விலையை ஏற்றுவது அவ்வளவு சுலபம், இறக்குவது அவ்வளவு கடினம்.

வியட்நாமும் இந்த வரிசையில்தான் போனது. 1988இல் நிலத்தையும் விளைச்சலையும் குடும்பங்களின் கையில் கொடுத்தார்கள், 1989இல் ரேஷனை எடுத்தார்கள். முந்தைய ஆண்டு அரிசி இறக்குமதி செய்த நாடு, அந்த ஆண்டு 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது.

இப்போது பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு நம் பக்கத்து நாடான இலங்கையைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே 1953இல் ஒரு கொத்து (நம் படி போன்ற ஓர் அளவு) ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே அடியில் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது, சிலர் உயிரிழந்தார்கள், பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். கால் நூற்றாண்டு கழித்து, 1977இல் ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்தபோது வேறு வழியைப் பிடித்தது. 1978 தொடக்கத்தில் ரேஷனைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1979 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, கடையில் பணம்போலக் கொடுத்து உணவு வாங்கிக்கொள்ளும் சீட்டுகளான உணவு முத்திரைகளைக் கொடுத்தது. கலவரம் இல்லாமல் முடிந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டியிருந்த உணவு மானியம் 1980களின் நடுவில் 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பல அறிக்கைகளில் இது வெற்றிக் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முத்திரையின் மதிப்பை ரூபாயில் எழுதினார்கள், அதை விலைவாசியோடு கட்டவில்லை. திறந்துவிட்ட பொருளாதாரத்தில் விலைகள் ஏறின; முத்திரையில் அச்சிட்ட எண் அப்படியே நின்றது. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிட்டது. மிக ஏழைக் குடும்பங்களின் உணவு குறைந்துபோனதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. யாரும் சட்டம் போட்டு மானியத்தை வெட்டவில்லை. அது தானாகக் கரைந்தது. ரேஷன் அரிசியின் விலையை ஏற்ற அரசு அறிவிப்பு வெளியிட வேண்டும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், தெருவில் ஆர்ப்பாட்டம் நடக்கும். பணத்தின் மதிப்பு குறைய யாரும் எதுவும் செய்ய வேண்டாம். பணமாகக் கொடுப்பதை நான் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. விலைவாசியோடு சட்டத்தால் கட்டப்படாத பணத்தைத்தான் எதிர்க்கிறேன். நம் நாட்டில் உழவர்களுக்கான பிரதமரின் கிசான் திட்டம் 2019 தொடக்கத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயோடு வந்தது. ஆண்டுகள் ஓடியும் அது அதே 6,000தான். இதற்குள் உர மூட்டை, டிராக்டர் வாடகை, நடவுக் கூலி எல்லாம் எங்கே போயின என்று எந்த உழவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் புதுச்சேரியையும் பார்க்கலாம். 2015 செப்டம்பரில் சண்டிகருடன் சேர்த்து அங்கேயும் உணவு மானியத்தைப் பணமாக மாற்றும் சோதனை தொடங்கியது. அரிசியா பணமா என்று அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த இழுபறி உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தன. மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது கடையைத் திறங்கள் என்பதைத்தான். 2024இல் அவற்றை மறுபடி திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவின் சொந்தச் சீர்திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14, பொங்கலன்று தொடங்கியது. அப்போது உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், கழகத்தின் தலைமையகம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும் அதே மாதம்தான் அமைந்தது. புதிய விதைக்கு மாறச் சொல்வதற்கு முன், விளைந்ததை இந்த விலைக்கு வாங்குகிறோம் என்ற உறுதியை முதலில் கொடுத்தார்கள். அந்த வரிசை சரியாக இருந்தது. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று சொல்லி ஜெயித்து, சென்னையிலும் கோவையிலும் அதைத் தொடங்கினார். மாநிலத்தின் நிதி தாங்காததால் அது தொடரவில்லை. ஆனால் அரிசி இங்கே அரசியலின் நடுவுக்கு வந்தது வந்ததுதான்.

சந்தைக்கு மாறும் காலத்தில், 1997இல், மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. 2000 வாக்கில் மேலே உள்ளவர்களுக்கான விலையை முழு அடக்கவிலைக்கே ஏற்றிவிட்டது. அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். கொள்முதல் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. 2002இன் நடுவில் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம். அதே காலத்தில் ராஜஸ்தானிலும் வேறு இடங்களிலும் பட்டினி. 2001இல் உணவு உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏழைகளுக்கான விலையை ஒட்டி வெளிநாட்டுக்கு அரிசி, கோதுமை ஏற்றுமதியானதும் அப்போதுதான். என்னைப் பொறுத்தவரை, சீர்திருத்தம் என்ற பெயரில் இந்த நாட்டில் நடந்த மிக மோசமான காரியங்களில் இது ஒன்று. வாங்கும் பக்கத்தைத் தொடாமல் விற்கும் பக்கத்தை மட்டும் இறுக்கினால் தானியம் நடுவில் தேங்கும். இதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டது. அது நல்ல முடிவு என்பதற்கு என்னிடம் உள்ள காரணம், யார் ஏழை என்று பட்டியல் போடும் வேலை சென்னை போன்ற நகரத்தில் எவ்வளவு தவறாகப் போகும் என்பது. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாதம் 20,000 வரும், மழை மாதத்தில் ஒன்றுமே வராது. அவரைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? இங்கே அதற்குப் பதில் ஓர் எளிய வழி இருக்கிறது. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், எதுவும் வேண்டாத அட்டையும் உண்டு. அட்டை வைத்திருந்தாலும் கடையில் பழைய பொன்னி வாங்கிச் சாப்பிடுகிறவர் மெல்ல விலகிக்கொள்கிறார். கடத்தல் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரயிலிலும் வேனிலும் எல்லை தாண்டும் ரேஷன் அரிசியைக் குடிமைப்பொருள் குற்றப்புலனாய்வுத் துறை பிடிக்கும் செய்தி வராத வாரம் அரிது. 40 ரூபாய்ப் பொருளை ஓர் இடத்தில் பூஜ்யத்துக்குக் கொடுத்தால் அது வெளியே ஒழுகத்தான் பார்க்கும். அதற்கு மருந்து கடைக்கு முன்னால், கிடங்கிலும் ஆலையிலும் லாரியிலும் இருக்கிறது. கார்டைப் பறிப்பதில் இல்லை.

அப்படியானால் எதை மாற்றுவது? என் கருத்தில் மாற்ற வேண்டியது வாங்கும் பக்கம். நெல்லையும் கோதுமையையும் மட்டும் அளவில்லாமல் வாங்கினால் உழவர் அதையே போடுவார். பஞ்சாபின் நிலத்தடி நீர் அப்படித்தான் போனது. துவரை, உளுந்து, கேழ்வரகு ஆகியவற்றையும் அதே உறுதியோடு வாங்கி, அதே ரேஷன் கடையில் கொடுக்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது அந்தத் திசையில் ஒரு சின்ன அடி. கையிருப்புக்கான செலவைத் தனிக் கணக்காகக் காட்ட வேண்டும். நட்டத்தைக் கடனில் மறைப்பது சீனாவில் மட்டும் நடந்ததல்ல. இங்கே உணவுக் கழகம் பல ஆண்டுகள் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கி ஓட்டியது. 2020-21இல் அதை அடைத்துக் கணக்கை நேராக்கியபோது உணவு மானியம் ஒரே ஆண்டில் 5.4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு செலவு என்று தெரிந்தால்தான் எதற்குச் செலவு என்று விவாதிக்க முடியும்.

உழவரின் வருமானத்தை விலையிலிருந்து மெல்லப் பிரித்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று நேரடியாகக் கொடுப்பதும் தேவைதான். ஆதரவு விலையில் விற்க முடிந்தவர்கள் உழவர்களில் 6 சதவீதம்தான் என்று, உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015இல் சொன்னது. மற்றவர்களுக்கும் ஏதாவது போய்ச் சேர வேண்டும். ஆனால் வரிசையை மறந்துவிடக் கூடாது. தனியார் வணிகத்துக்குக் கதவைத் திறக்க மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்கள், உழவர் கையில் ஒன்றையும் கொடுக்காமல், இருக்கும் ஆதரவு விலையும் போய்விடுமோ என்ற பயத்தை மட்டும் கொடுத்தன. ஓராண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் ஏக்கர் தொகைக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. டெல்டாவில் கோயில், மடம், பெரிய பண்ணை நிலங்களைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பலருடைய பெயர் பதிவேட்டில் இல்லை. வாய்மொழிக் குத்தகை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் கிராம நிர்வாக அலுவலரின் சான்றைக் காட்டி அவர் தன் நெல்லைத் தானே விற்க முடிகிறது, பணமும் அவர் கணக்குக்கே வருகிறது. நாளைக்கு விலையைக் குறைத்துவிட்டு ஏக்கர் தொகையை நிலத்தின் பட்டா பார்த்துக் கொடுத்தால், அது கும்பகோணத்தில் நிலத்தை விட்டுவிட்டுச் சென்னையில் வீடு கட்டிக் குடியிருக்கும் உரிமையாளருக்குத்தான் போகும். ஆகவே முதலில் உழுகிறவரின் பெயர் பதிவேட்டில் ஏறட்டும், தொகை இரண்டு மூன்று பருவமாவது தவறாமல் அவர் கணக்கில் விழட்டும். அதற்கு முன் கொள்முதலைக் குறைக்கும் பேச்சை எடுக்கவே கூடாது என்பேன்.